முதுகில் ஒரு நிலையம்

சிற்றலை நிலையம் ஒன்றை முழுசாகப் பைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறலாம். உச்சியில் நின்று ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரோடு பேசலாம். ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர்கள் உலகின் பல மூலைகளில் தினமும் செய்கிற வேலைதான் இது. முடியுமா என்பதில் இனி விவாதமில்லை. விவாதம் வேறு இடங்களில் நடக்கிறது. நடந்துகொண்டே பேசுவதா, ஓரிடத்தில் உட்கார்ந்து கம்பி கட்டிப் பேசுவதா? எடை குறைந்த செட்டுக்குப் பணத்தைக் கொட்டுவதா, ஆன்டெனாவில் உழைப்பைப் போடுவதா? இது வெறும் விளையாட்டா, புயல் வெள்ளம் என்று வந்தால் கைகொடுக்குமா? இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சில் முக்கால்வாசி செட்டைப் பற்றியதாகவே இருக்கிறது. என் கணக்கில் செட் கடைசியாகக் கவனிக்க வேண்டிய பொருள்.

முதுகில் சுமக்கும் வானொலி போர்க்களத்தின் குழந்தை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படை சுமந்த மோட்டோரோலாவின் எஸ்சிஆர்-300 ஏறக்குறைய 15 கிலோ இருந்தது. இன்று கைக்குள் அடங்கும் கருவியை நாம் வாக்கி-டாக்கி என்கிறோம். அந்தப் பெயரை முதலில் சுமந்தவை இப்படிப்பட்ட முதுகுச் சுமைகள்தான். ஆனால் எஸ்சிஆர்-300 கருவி 40 முதல் 48 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கியது, அதாவது சிற்றலையின் எல்லையான 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. அதன் பேச்சு சில கிலோமீட்டரோடு நின்றுவிடும். மலைத்தொடரைத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பேச வேண்டுமென்றால் வானத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பும் சிற்றலைதான் வழி. வியட்நாம் போர்க்காலத்தின் பிஆர்சி-74, பின்னால் வந்த பிஆர்சி-104, பிரிட்டிஷ் ராணுவத்தின் கிளான்ஸ்மன் வரிசையைச் சேர்ந்த பிஆர்சி-320 ஆகியவை இந்தத் தேவைக்காக வந்தவை. பிஆர்சி-320 கருவி 30 வாட் அனுப்பும். பாட்டரி தீர்ந்தால் கையால் சுற்றும் ஜெனரேட்டரை வைத்து ஏற்றிக்கொள்ளலாம். ராணுவம் கழித்துப் போட்ட இந்தச் செட்டுகளை வாங்கிப் பழுது பார்த்து, முதுகுவலியோடு மலையேறும் ஹாம்கள் பிரிட்டனில் இன்னும் இருக்கிறார்கள்.

பொழுதுபோக்காளர்களுக்கு நிலைமையை மாற்றியது 2000-ஆம் ஆண்டையொட்டி யேசு நிறுவனம் கொண்டுவந்த எஃப்டி-817. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல், திறன் 5 வாட், பாட்டரி உள்ளேயே. சிறு மாற்றங்களோடு எஃப்டி-818 ஆகி இருபது ஆண்டுக்கு மேல் அது சந்தையில் நின்றது. 2016-இல் வந்த எலக்ராஃப்ட் கேஎக்ஸ்2 அரைக் கிலோகூட இல்லாமல் 10 வாட் கொடுத்தது. 2020-இல் வந்த ஐகாம் ஐசி-705 தொடுதிரையோடு வந்தது. அதற்கென்று ஒரு முதுகுப்பையையும் அந்த நிறுவனமே விற்கிறது. இந்தியாவில் அதன் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். இதற்கு நேரெதிர்த் துருவத்தில் நிற்பது ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ். வெளிநாட்டு உதிரிபாகத்துக்குக் காத்திருக்காமல் நம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைப்பதை வைத்தே கட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். காயில் (கம்பிச்சுருள்) சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயின் வாஷரைப் பயன்படுத்தச் சொன்ன சிற்றலை செட் உலகத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை. அதன் அடுத்த தலைமுறையான மைக்ரோபிட்எக்ஸ் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. ஆக, செட் ஒரு தடையே அல்ல.

வீட்டு மாடியில் வசதியாக உட்கார்ந்து பேசுவதை விட்டுவிட்டு ஏன் வெளியே போக வேண்டும்? மலைக்காற்று, காட்சி என்பதெல்லாம் போகட்டும். முதல் காரணம் இரைச்சல். எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வர்ட்டர், மாடியில் வைத்த சூரியத் தகட்டின் இன்வர்ட்டர் எல்லாம் சேர்ந்து நகரத்தின் சிற்றலையை நாசம் செய்துவிட்டன. வானொலி இரைச்சலைப் பற்றிச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பரிந்துரையின் சூத்திரத்தில் 7 மெகாஹெர்ட்ஸைப் போட்டுப் பார்த்தால், நகரத்துக்கும் அமைதியான நாட்டுப்புறத்துக்கும் இடையே 24 டெசிபல் வித்தியாசம் வருகிறது. ஏறக்குறைய 250 மடங்கு. வீட்டில் சரசரவென்ற ஒலிக்குள் புதைந்துபோன ஒரு குரல், ஊருக்கு வெளியே ஆற்றுப்படுகையில் தெளிவாகக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

இதிலே இரண்டு திருத்தங்கள் உண்டு. அந்த 24 டெசிபல் மனிதன் உண்டாக்கும் இரைச்சலை மட்டும் கணக்கில் எடுத்தது. வெப்பமண்டலத்தில் இடி மின்னல் எழுப்பும் இரைச்சல் ஊருக்கும் காட்டுக்கும் பொது. சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மாலை நேரத்தில் எந்த மலையில் ஏறினாலும் அது விடாது. இரண்டாவது திருத்தம் இதைவிட முக்கியம். வெளியே போனால் நம் காதுதான் கூர்மையாகிறது. நம் குரல் பெரிதாவதில்லை. மறுமுனையில் இருப்பவர் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் உட்கார்ந்திருந்தால், அவருடைய இரைச்சலைத் தாண்டித்தான் நம் 5 வாட் கேட்க வேண்டும். 'நான் கேட்கிறேன், என்னை யாரும் கேட்பதில்லை' என்று புதியவர்கள் புலம்புவது இதனால்தான். இந்த இடைவெளியை அடைப்பது ஆன்டெனாவின் வேலை.

அலைநீளத்தை மீட்டரில் அறிய 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 42 மீட்டர். ஒழுங்காக இயங்கும் கால் அலைக் கம்பி என்றால் பத்தரை மீட்டர் நிற்க வேண்டும். முதுகுப்பையில் செருகி நடக்கக்கூடிய கம்பியோ இரண்டரை மீட்டர். குறைந்த நீளத்தை ஈடுகட்ட அடியில் ஒரு காயில் போடுகிறோம். செட்டின் மீட்டர் சந்தோஷப்படும்; பொருத்தம் சரி என்று காட்டும். ஆனால் இவ்வளவு குட்டையான கம்பியின் கதிர்வீச்சுத் தடை ஒன்றரை ஓம்கூட வராது. காயிலும், தரையிலும், சுமப்பவரின் உடம்பிலும் வீணாகும் தடை 25 ஓமுக்கு மேல் போகும். கணக்கைப் பார்த்தால் 10 வாட்டில் அரை வாட்தான் காற்றில் ஏறுகிறது. மீதி காயிலைச் சூடாக்குகிறது. அதே இரண்டரை மீட்டர் கம்பி 28.4 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட முழுக் கால் அலை. அங்கே காயிலே வேண்டாம், பாதிக்கு மேல் சக்தி வெளியே போகும். 18 மெகாஹெர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்கு.

நடந்துகொண்டே பேசுகிறவர்கள் ஏன் 18 மெகாஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது இந்தக் கணக்கில் விளங்கும். முதுகுப்பைச் சிற்றலைக்காரர்களின் அழைப்பு அலைவரிசையாக 18.1575 மெகாஹெர்ட்ஸ் உலக அளவில் வழக்கத்தில் இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸை விடக் கம்பி நன்றாக வேலை செய்யும். 28 மெகாஹெர்ட்ஸைப் போலச் சூரியச் செயல்பாட்டின் தயவுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. இன்னொரு சௌகரியம், 1979-ஆம் ஆண்டு உலக மாநாட்டில் ஹாம்களுக்குக் கிடைத்த இந்தப் பட்டையில் போட்டிகள் நடத்துவதில்லை என்பது மரபு. வார இறுதியில் ஆயிரம் வாட்டோடு வந்து கத்துகிறவர்களின் தொல்லை அங்கே குறைவு.

குட்டைக் கம்பிக்குத் துணையாகத் தரையில் இழுபடும் இன்னொரு கம்பியும் வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆன்டெனாவின் மறுபாதி அதுதான். இல்லையென்றால் செட்டும் மைக்கும் நம் உடம்பும் அந்த வேலையை அரைகுறையாகச் செய்யும். கால் அலை நீளத்துக்கு ஒரு கம்பியை வால் மாதிரிப் பின்னால் இழுத்துக்கொண்டு நடப்பது வழக்கம். புல்வெளிப் பூங்காவில் அழகாக வரும். நம் மலைப்பாதையில் பத்தடிக்குள் உண்ணிச்செடியில் சிக்கிக்கொள்ளும்.

கடற்கரை மட்டும் இதற்கு விதிவிலக்கு. உப்புநீரின் மின்கடத்தும் திறன் சாதாரண மண்ணைப்போல ஆயிரம் மடங்கு. அலை நுரைக்குப் பக்கத்தில் நின்ற கம்பி, தாழ்ந்த கோணத்தில், தொடுவானத்தை ஒட்டிச் சக்தியை அனுப்பும். தொலைதூரப் பேச்சுக்கு வேண்டியது அந்தக் கோணம்தான். மெல்பர்னில் முழங்கால் அளவு கடல்நீரில் இறங்கி நின்று பேசியே பெயரெடுத்தவர் பீட்டர் பார்க்கர். கையில் சுமக்கும் ஆன்டெனாக்களைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கிற நாம் மலையை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் புரியாத விஷயம். மலையின் உயரம் கண்பார்வைக் கோட்டில் போகும் விஎச்எஃப் கருவிக்குத்தான் பெரிய லாபம். சிற்றலைக்குக் கடல் மட்டமும் 2,000 மீட்டரும் அவ்வளவு வேறுபாடில்லை. எதிரே சரிந்து இறங்கும் நிலம் இருந்தால் கொஞ்சம் நன்மை உண்டு, அவ்வளவுதான்.

நின்று கம்பி கட்டுகிறவரின் கதை வேறு. 14 மெகாஹெர்ட்ஸுக்குப் பத்து மீட்டர், 7 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர் சாதாரண இன்சுலேட்டட் கம்பி. ஒரு முனையில் 49-க்கு 1 என்ற இம்பீடன்ஸ் விகிதம் தரச் சுற்றிய சிறு டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் அரை அலைக் கம்பியை ஓரத்திலிருந்தே ஊட்டலாம். நடுவில் ஊட்டும் டைபோல் என்றால் டிரான்ஸ்ஃபார்மரும் தேவையில்லை. தாங்குவதற்கு மடக்கும் ஃபைபர் கழி, அல்லது கவணில் கல் வைத்து மரக்கிளைக்கு மேல் எறிந்த தூண்டில் நரம்பு. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ வராது. பழகிய கைக்குப் பதினைந்து நிமிட வேலை.

இங்கேதான் நம் நிலப்பகுதிக்கு இயற்கை கொடுத்த ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். புவியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனைக்கு அருகே போகிறது. 1963-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும், திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் இதனால்தான். கொடைக்கானல் வானாய்வகம் 1950-களிலேயே அயனி அடுக்குகளைக் கீழிருந்து துழாவும் கருவியை இயக்கியது. இந்தப் பகுதியின் வானத்தில் பகல் நேர அயனி அடர்த்தி அதிகம். செங்குத்தாக மேலே அனுப்பிய 7 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலான பகல்களில் துளைத்துப் போய்விடாமல் திரும்பிக் கீழே வரும். ஐரோப்பாவின் வடபகுதியில் சூரியச் செயல்பாடு குறைந்த ஆண்டுகளில் இது நடக்காது. அவர்கள் 5, 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும், கம்பியும் அதற்கேற்ப நீளும். நமக்கு இருபது மீட்டர் கம்பி போதும்.

செங்குத்தாகப் போய்த் திரும்பும் அலை குடை விரித்த மாதிரி நாலாபுறமும் 300, 400 கிலோமீட்டருக்கு விழும். இடையில் மலை இருந்தாலும் பள்ளத்தாக்கு இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் அலை மேலிருந்து வருகிறது. வேதாரண்யத்திலிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். கொடைக்கானலிலிருந்து சென்னை 440-க்குச் சற்றுக் குறைவு. முதலாவது இந்தக் குடைக்குள்ளும் இரண்டாவது அதன் விளிம்பிலும் வருகின்றன. இதற்குக் கம்பி உயரவும் வேண்டாம். மூன்று நான்கு மீட்டரில், ஆள் தலைக்கு மேல், கிடைமட்டமாகக் கட்டினால் போதும். முதுகில் செங்குத்தாக நிற்கும் கம்பிக்கோ தலைக்கு நேர் மேலேதான் குருட்டுப்பகுதி. அந்தத் திசையில் அது அனுப்புவதே இல்லை. ஏற்கெனவே அரை வாட்டாகச் சுருங்கிய சக்தி, தேவையில்லாத திசைக்கே போகிறது. ராணுவத்தினர் நீண்ட கம்பியை வளைத்துப் பின்னால் கிட்டத்தட்டப் படுக்கவைத்துக் கட்டுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

நேரமும் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு 7 மெகாஹெர்ட்ஸை உறிஞ்சிவிடும். காலை பத்து மணிக்குள்ளும் மாலை மூன்றரைக்குப் பின்னும் நல்ல நேரம். சூரியன் மறைந்த பிறகு, குறிப்பாக மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், காந்த நடுக்கோட்டு வானம் கொந்தளிக்கும், குரல் நடுங்கும். 14 மெகாஹெர்ட்ஸ் இதற்கு நேர்மாறு. கொடைக்கானலில் உட்கார்ந்து பகலில் ரஷ்ய நிலையங்களைக் கேட்கலாம், மதுரைக்காரர் மட்டும் கேட்கமாட்டார். அலை அவருடைய தலைக்கு மேல் தாண்டிப் போய்விடுகிறது.

வாட் பற்றிய பயம் தேவையற்றது. 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் இடையே 13 டெசிபல், மீட்டரில் இரண்டு கோட்டுக்குச் சற்று மேல். மோர்ஸ் தெரிந்தவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல, ஏனென்றால் குரலுக்கு வேண்டிய அகலத்தில் சிறு பங்கு மோர்ஸுக்குப் போதும். 2003-இல் உலக மாநாடு மோர்ஸ் தேர்வைக் கட்டாயமில்லை என்று விட்ட பிறகும், முதுகுப்பைக்காரர்கள் அதை உயிரோடு வைத்திருப்பது பழம்பெருமைக்காக அல்ல. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் தந்த எஃப்டி8 காதுக்கே எட்டாத சிக்னலையும் கணினியில் படித்துவிடும். ஆனால் அதற்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ வேண்டும். வெயிலில் திரை தெரியாது. அழைப்புக்குறியையும் சிக்னல் அளவையும் தாண்டி அதில் பேச்சும் கிடையாது. ஆளில்லாத உரையாடல் எனக்கு ருசிக்கவில்லை. பாட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை நல்லது. 3 ஆம்பியர்-மணி அளவுள்ளதே ஒரு காலைப் பொழுதுக்குத் தாராளம்.

விளையாட்டாக இதை வளர்த்தவை சில திட்டங்கள். 2002 மார்ச் 2-ஆம் தேதி பிரிட்டனில் தொடங்கிய 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' அதில் முக்கியமானது. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் நிலையம் இருக்க வேண்டும். கருவியைச் சுமந்துதான் போக வேண்டும், வண்டியிலிருந்து இயக்கக் கூடாது. நான்கு பேரோடு தொடர்பு கிடைத்தால் புள்ளி உண்டு. பூங்காக்களுக்கான இன்னொரு திட்டத்தில் பத்துத் தொடர்பு வேண்டும். புள்ளிக் கணக்கைச் சிலர் கேலி செய்வார்கள். ஆனால் இந்த விதிகள்தான் ஆயிரக்கணக்கானவர்களை வரவேற்பறையிலிருந்து கிளப்பி, எது நிஜமாக வேலை செய்கிறது, எது விளம்பரம் என்று பிரித்துக் காட்டின. அந்த உச்சிகளில் பெரும்பாலானவர்கள் முதுகுக் கம்பியோடு நிற்பதில்லை, கழி நட்டுக் கம்பி கட்டுகிறார்கள். அனுபவம் சொன்ன தீர்ப்பு அது.

பேரிடரில் உதவுமா என்ற கேள்விக்கு 2004 டிசம்பர் பதில் வைத்திருக்கிறது. பல ஆண்டுகள் ஹாம் இயக்கம் இல்லாதிருந்த அந்தமானுக்கு, பாரதி பிரசாத் தலைமையில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனக் குழு போய்ப் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. உலகெங்கும் உள்ளவர்களோடு தொடர்பு கொள்வதுதான் நோக்கம். 26-ஆம் தேதி சுனாமி. தொலைபேசி செத்த தீவிலிருந்து தகவல் போக அந்தச் சிற்றலை நிலையம் வழியானது. இலங்கையிலும் ஹாம்கள் ஹம்பாந்தோட்டைக்குக் கருவியோடு போய்க் கொழும்போடு சிற்றலையில் இணைப்பு ஏற்படுத்தினார்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தமானில் அன்று கருவி இருந்தது தற்செயல். ஆனால் பெயர்த்து எடுத்துப் போய் அறிமுகமில்லாத இடத்தில் நிலையம் அமைக்கத் தெரிந்த கைகள் இருந்தது தற்செயல் அல்ல. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அங்கே தேவைப்படும் தூரம் மேலே சொன்ன 300 கிலோமீட்டர்தான். ஆயிரம் மைல் பேசும் ஆன்டெனா அங்கே பயன்படாது; ஆள் தலைக்கு மேல் கட்டிய இருபது மீட்டர் கம்பி பயன்படும்.

நடைமுறைச் சங்கடங்களையும் சொல்லாமல் விடக் கூடாது. கம்பியும் கழியும் ஹெட்ஃபோனுமாக ஒருவர் குன்றின் மேல் உட்கார்ந்திருந்தால் நம் ஊரில் சந்தேகம் வரும், அதிலும் கடலோரத்தில். உரிமத்தின் நகலைப் பையில் வைப்பதும், அருகிலுள்ள காவல் நிலையத்தில் முன்கூட்டிச் சொல்லிவிடுவதும் நேர விரயமல்ல. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைப் பறித்த பிறகு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடு இறுகியது. இப்போது வனத்துறை அனுமதித்த தடங்களில் வழிகாட்டியோடுதான் போக முடியும். குழுவோடு நடக்கும்போது ஒரு மணி நேரம் நிறுத்திக் கம்பி கட்ட முடியுமா என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். யானைத்தடத்தின் குறுக்கே கம்பி கட்டவே கூடாது. இடி உறுமினால் கழியை இறக்கிவிட்டு இறங்கிவிட வேண்டும். உச்சியில் ஆறு மீட்டர் கழியோடு நிற்பதைவிட ஆபத்தான இடம் குறைவு. இதையெல்லாம் பார்த்தால், தொடங்குகிறவருக்கு மேற்குத் தொடர்ச்சி மலையைவிட ஊருக்கு வெளியே உள்ள கண்மாய்க் கரையும் ஆளில்லாத பொட்டலும் மேல்.

என் தீர்ப்பு இதுதான். நடந்துகொண்டே பேசுவது 18 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே அருமையான விளையாட்டு. சூரியன் ஒத்துழைக்கும் ஆண்டுகளில் 28 மெகாஹெர்ட்ஸில் இன்னும் அருமை. 7 மெகாஹெர்ட்ஸில் அதைச் செய்வது பாட்டரிக்குச் செய்யும் அநியாயம். விலையுயர்ந்த குட்டைக் கம்பிக்குப் பணம் சேர்ப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு இருபது மீட்டர் கம்பியும் ஒரு கழியும் வாங்கட்டும். இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் முடியும். தமிழ்நாட்டு ஹாம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகை, கடலூர், ராமநாதபுரம் கரைகளில் ஆளுக்கொரு முதுகுப்பையோடு இறங்கி, தலைக்கு மேல் கட்டிய கம்பியில் 5 வாட்டை வைத்துச் சென்னையைக் கூப்பிட்டுப் பாருங்கள். எந்த மணிக்கு யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்பதை எழுதி வைத்து, அந்தத் தாளை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் பிரிவில் கொடுங்கள்.